கூடப்பிறந்தவன் கூலி

ஸ்ரீவில்லிபுத்தூர்
20.1.2025

ஜோதிக்கு வெங்கடேஸ்வரி எழுதுறது.

உன் நம்பருக்கு அடிச்சா உபயோகத்துல இல்லைன்னு ஒருத்தி சொல்லுதா. தம்பிக்கு அடிச்சா, "வேலையா இருக்கேன்க்கா, பொறவு கூப்புடுதேன்"னு வச்சிருதான். அந்தப் பொறவு இன்னைக்கு வரைக்கும் வரல. வாய் வார்த்தைக்கு வழியில்லாமப் போனதால, மக சத்யா நோட்டுல தாளைக் கிழிச்சு வாங்கி எழுதுதேன். நான் படிச்சது எட்டாப்பு. தப்பு இருந்தா சரி பண்ணிப் படிச்சுக்கோ.

பொங்கலுக்கு என் பொறந்த வீட்டுலேருந்து வந்தது என்னன்னு உனக்குத் தெரியும். சத்யா அப்பா போனுக்கு ஐந்நூறு ரூவா வந்துச்சு. "அக்காவுக்கு"ன்னு ஒரு எழுத்துகூட அதுல இல்ல. எனக்குக் கல்யாணம் ஆன நாளாய் எங்க அய்யாவும், அவுக போன பொறவு தம்பியும், கரும்பும் பானையும் அரிசியும் வெல்லமும் சேலையுமா வந்து இறங்காத பொங்கல் கிடையாது. இந்த வருசம் பஸ் சத்தம் கேக்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுனேன். அன்னைக்குன்னு பார்த்து சத்யா அப்பாவோட அக்கா, எங்க பெத்தம்மாள் மதினி, வந்து உக்காந்திருந்தாக. "என்ன வெங்கடேசு, உன் தம்பிக்கு பஸ்ஸு கிடைக்கலையோ?"ன்னு கேட்டுட்டு முறுக்கை நொறுக்குன சத்தம் இன்னும் என் காதுல இருக்கு.

அரிசிக்கும் வெல்லத்துக்கும் நான் ஏங்கிக் கிடக்கல. அப்படி நினைச்சிராத. ஆனா இந்த வீட்டுல எனக்குப் பின்னால யாரு இருக்கான்னு காட்டுறது அது ஒண்ணுதான்.

என் தம்பிக்கு இந்தப் புத்தி கிடையாது. வீட்டுச் செலவு உன் கையில இருக்கு. கையை இறுக்கிப் பிடிக்கிறது நல்லதுதான். அதை அக்கா வீட்டுலயா ஆரம்பிக்கணும்?

புது வீட்டுக்குக் கூரை போட்டாச்சு. வைகாசியில பால் காய்ச்சணும்னு இருக்கோம். அதுக்காச்சும் ஆள் வருவீகளா, இல்ல போன்லயே பாலையும் காய்ச்சிருவீகளா?

வெங்கடேஸ்வரி

*

ராஜபாளையம்
27.1.2025

அன்புள்ள மதினிக்கு,

உங்க கடிதம் வந்தப்போ உங்க தம்பி ரேஷன் கடைக்குப் போயிருந்தாங்க. நல்லதாப் போச்சு. அவங்க படிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைக்கவே பயமா இருக்கு.

இதை உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு பானு தலையில கை வச்சு சத்தியம் வாங்கியிருக்காங்க. பிள்ளை தலைமேல ஆணையிட்டதை மீறுறேன். தப்புன்னா அது என்னோட போகட்டும்.

அவங்களுக்கு வேலை போயிருச்சு மதினி. கார்த்திகையில. மில்லுல பழைய மெஷினையெல்லாம் வித்துட்டாங்க. மெஷினோட சேர்த்து அதைப் பார்த்துக்கிட்ட ஆளுங்களும் வேண்டாம்னு ஆயிட்டாங்க. எலக்ட்ரிகல் செக்ஷன்ல இவங்களும் இன்னும் சில பேரும் வெளியே வந்துட்டாங்க. கையில வந்த பணம் இருக்கிற கடனுக்குப் போயிருச்சு. மத்த மில்லுல எல்லாம் போய்க் கேட்டாச்சு. சின்ன வயசு ஆளுதான் வேணுமாம்.

முதல்ல என் போனைத்தான் நிறுத்தினோம். இப்போ வீட்டுக்கு ஒரு போன், அது அவங்க சட்டைப் பையில. அதனாலதான் கடிதம் எழுதுறேன். கேபிளை எடுத்தாச்சு. பானுவுக்கு வேன் கிடையாது, டவுன் பஸ்ல நானே கொண்டு போய் விட்டுட்டு அப்படியே வேலைக்குப் போறேன். ஆமா மதினி, சத்திரப்பட்டி ரோட்டுல பேண்டேஜ் துணி மடிச்சுப் பாக்கெட் போடுற கம்பெனியில சேர்ந்திருக்கேன். பால் பாதியாச்சு. காலையில ஒரு தடவைதான் அடுப்பைப் பத்த வைக்கிறது. இதெல்லாம் பழகிருச்சு. ஒண்ணு மட்டும் தாங்க முடியல. அவங்க டீக்கடைக்குப் போறதையே விட்டுட்டாங்க. காசுக்காக இல்ல. போனா கூட வேலை பார்த்தவங்க யாராவது வாங்கிக் குடுத்துருவாங்கன்னு.

அவங்க ஐடிஐ படிக்க நீங்க கம்மலைக் கழட்டிக் குடுத்தீங்க. மில் வேலைக்காக சூப்பர்வைசர் வீட்டுல போய்க் கெஞ்சினதும் நீங்கதான். "அக்கா வாங்கிக் குடுத்த வேலைடி. அதைத் தொலைச்சுட்டேன்னு எப்படிப் போய்ச் சொல்லுவேன்"னு கேட்டாங்க. அந்த ஐந்நூறை அனுப்பும்போது செத்த நேரம் போனையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. என்ன எழுதுறதுன்னு தெரியாமத்தான் ஒண்ணும் எழுதாம விட்டாங்க.

என்னைக் கஞ்சம்னு நினைச்சுக்கோங்க. அவங்களை அப்படி நினைக்காதீங்க. உங்களுக்குத் தெரியும்னு மட்டும் காட்டிக்க வேண்டாம். இனி எழுதினா, கம்பெனி விலாசத்துக்கு, எங்க சூப்பர்வைசர் சண்முகத்தாய் அக்கா பேருக்கு எழுதுங்க. நான் சொல்லி வச்சிருக்கேன்.

ஜோதி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
2.2.2025

ஏட்டி ஜோதி,

உன் கடுதாசியைக் காட்டுல வச்சுத்தான் படிச்சேன். படிச்சுட்டு வரப்புலயே உக்காந்துட்டேன். உன்னை என்னவெல்லாம் எழுதிட்டேன். அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுரு. வச்சிருந்து வச்சிருந்து படிக்காத.

மறுநாளே சேலையை மாத்திக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டேன். ராஜபாளையம் பஸ்ஸு வந்து நின்னுச்சு. ஏறலை. நீ சொன்னது ஞாபகம் வந்துருச்சு. நான் வந்து நின்னா அவன் மூஞ்சி எப்படிப் போகும்னு நினைச்சுப் பார்த்தேன். வீட்டுக்குத் திரும்பி வந்து, காய்கறி வாங்கப் போனேன்னு பொய் சொன்னேன்.

உன் மேல கோவம் இல்ல. அவன் மேல இருக்கு. வேலை போனதுக்கு இல்ல. என்கிட்டச் சொல்லாம வேற யாருகிட்டச் சொல்லப் போறான் அந்தக் கூமுட்டை?

இப்ப ஒண்ணு சொல்லுதேன், கேளு. எங்க புது வீட்டுக்கு வயரிங் பண்ண வந்தவன் அட்வான்ஸை வாங்கிட்டுக் கோயமுத்தூருக்கு ஓடிட்டான். சுவரை வெட்டிப் பைப்பு பதிச்சாத்தான் பூச்சு வேலை நடக்கும். கொத்தனார் தினமும் வந்து என் வாயைப் பார்த்துட்டுப் போறாரு. தம்பிக்கு நான் போன் போடுதேன். "ராத்திரி ஷிப்டா, லீவு எதுவும் கிடைக்குமா, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல, வந்து பாரேன்"னு கேக்கேன். அவன் மேல இரக்கப்பட்டுக் கூப்புடலட்டி. நிசமாவே வேலை நிக்கி. எனக்கு ஆளு வேணும், அவனுக்கு வேலை வேணும். இதுல யாரு யாருக்குத் தாழ்ச்சி?

பானுவுக்குப் பாலைக் குறைக்காத.

வெங்கடேஸ்வரி

*

ராஜபாளையம்
28.2.2025

அன்புள்ள மதினிக்கு,

இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழிச்சாச்சு. இதையாவது தபால்ல போட்டுருவேன்னு நினைக்கிறேன்.

முதல்ல நல்லதைச் சொல்லிர்றேன். நீங்க போன் பண்ணின அன்னைக்கு அவங்க பரண்ல இருந்த கருவிப் பையை எடுத்து, டெஸ்டரையும் கட்டிங் பிளையரையும் ஒண்ணொண்ணா மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சாங்க. பானு பக்கத்துல உக்காந்து, "இது என்னப்பா, அது என்னப்பா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. வேலை போன பிறகு அவ கேட்ட கேள்விக்கெல்லாம் அவங்க பதில் சொன்னது அன்னைக்குத்தான். மில்லுல லீவு போட்டிருக்கேன்னு உங்ககிட்டச் சொல்லிட்டு, இப்போ தினமும் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிர்றாங்க. சாயங்காலம் தலையெல்லாம் சிமெண்டுத் தூசியோட வந்து, "மாடிப்படிக்கு மேலயும் கீழயும் சுவிட்சு வச்சிருக்கேன். அக்கா இருட்டுல ஏற வேண்டாம்"னு சொல்றாங்க. மத்தியானம் நீங்க போடுற முட்டைக் குழம்பைப் பத்தியும் சொல்றாங்க. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.

ஆனா மதினி, இந்த மாசம் முழுக்க அவங்க அங்கதான் வேலை பார்க்கிறாங்க. வேற இடத்துல வேலை தேட நேரம் இல்ல. பஸ்ஸுக்கு நான்தான் காசு குடுத்து விடுறேன். கம்பெனியில எனக்கு வர்றது வாடகைக்கும் அரிசிக்கும் சரியாப் போயிருது. பானு ஸ்கூல்ல இந்தத் தவணை கட்டலைன்னு அவளை எழுப்பி நிக்க வச்சுக் கேட்டிருக்காங்க. அவங்ககிட்ட, "கூலி எதுவும் பேசினீங்களா?"ன்னு கேட்டேன். "அக்கா வீட்டுலயா?"ன்னு ஒரு வார்த்தைதான் கேட்டாங்க.

அதனால உங்ககிட்டக் கேக்கிறேன். வேற வயர்மேன் வந்திருந்தா என்ன குடுப்பீங்களோ அதைக் குடுங்க. கூட வேண்டாம். உதவியா வேண்டாம். கூலியா வேணும்.

எழுதிட்டேன். திரும்பப் படிக்காம ஒட்டுறேன்.

ஜோதி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
5.3.2025

ஜோதிக்கு,

கூடப்பொறந்தவன் அக்கா வீட்டுல கை வச்சதுக்குக் கூலி கேட்டுக் கடுதாசி போட்ட முதல் ஆளு நீயாத்தான் இருப்ப.

அவன் கேக்கல. நீ கேக்க. தம்பி வந்ததும் நான் இலை போட்டுச் சோறு வைக்கேன், பூச்சு வேலைக்கு வந்தவுக எல்லாம் சட்டியில சாப்புடுதாக. அதுக்கும் ஒரு விலை போட்டுக் கழிச்சுக்குவோமா?

சத்யா அப்பாகிட்ட நீ எழுதுனதைக் காட்டல. காட்டுனா எனக்குத்தான் அசிங்கம். அவிய ஏற்கெனவே பெரிய மனசா ஒண்ணு சொன்னாக. "பால் காய்ச்சுறதுக்கு உன் தம்பி சீருக்குன்னு தனியா அலைய வேண்டாம். இந்த வேலையவே சீராக் கணக்கு வச்சுக்குவோம். அவனுக்கும் செலவு மிச்சம்"னாக. நான் கண்ணீர் விட்டேன், இப்படி ஒரு ஆம்பளையான்னு. அதை உனக்குச் சந்தோசமாச் சொல்லணும்னு இருந்தேன். அதுக்குள்ள உன் கடுதாசி வந்துருச்சு.

வேற எழுத ஒண்ணும் இல்ல.

வெங்கடேஸ்வரி

*

ராஜபாளையம்
17.3.2025

அன்புள்ள மதினிக்கு,

உங்க தம்பி ஒரு வாரமா ஏன் வரலைன்னு நீங்க போன்ல கேட்டதுக்கு, காய்ச்சல்னு சொன்னாங்க. காய்ச்சல் இல்ல. நான் அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். வேலை போனதை உங்களுக்கு எழுதினதையும் சொன்னேன். கூலி கேட்டதையும் சொன்னேன். உங்களுக்குத் தெரியாம அவங்களுக்கு ஒண்ணு, அவங்களுக்குத் தெரியாம உங்களுக்கு ஒண்ணுன்னு என்னால நடுவுல நிக்க முடியல.

அவங்க கத்தலை. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். பானுவை ஸ்கூல்ல விட்டுட்டு வந்தாங்க. வாசப்படியில உக்காந்தாங்க. நான் வேலைக்குக் கிளம்பிக்கிட்டு இருந்தேன்.

"அக்காகிட்டக் கூலி வாங்குனா நான் அவளுக்குத் தம்பியா இருக்க முடியாது. வாங்கலேன்னா உனக்குப் புருசனா இருக்க முடியல. ரெண்டுல எதை விடணும்னு நீயே சொல்லிட்டுப் போ"ன்னாங்க.

பஸ் போயிரும்னு சொல்லிட்டுப் போயிட்டேன். அன்னைக்கு முழுக்க நான் மடிச்ச துணி எல்லாம் கோணலாப் போச்சு. சண்முகத்தாய் அக்காகூட சத்தம் போட்டாங்க.

உங்க வீட்டு அண்ணன் சொன்னதும் பெரிய மனசுலதான் சொல்லியிருப்பாங்க. அதை நான் குறையாச் சொல்ல மாட்டேன். ஆனா உங்க தம்பி உழைப்பு உங்க வீட்டுச் சுவத்துக்குள்ள போய்ப் பூச்சும் பூசியாச்சு. அதுலேருந்து எங்க அரிசிப் பானைக்கு ஒரு படிகூட வரல. இருக்கும்போது சீர் செஞ்சோம், ஒரு வருசமும் நான் தடுத்தது கிடையாது. இல்லாதப்போ அவங்ககிட்ட மிச்சம் இருக்கிறது கைவேலை ஒண்ணுதான். அதையும் சீருன்னு எடுத்துக்கிட்டா நாங்க எதை வித்துச் சாப்பிடுறது?

நீங்க என்னை வெறுத்தாலும் பரவாயில்ல. இதைச் சொல்லாம இருந்திருந்தா நானே உங்களை வெறுக்க ஆரம்பிச்சிருப்பேன். அதுக்கு இது மேல்.

ஜோதி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
29.3.2025

ஜோதிக்கு,

உன் கடுதாசி வந்து பத்து நாளைக்கு மேல ஆச்சு. பதில் எழுதக் கூடாதுன்னுதான் இருந்தேன். நடந்ததைச் சொல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது போல இருக்கு.

தம்பி வராததால சத்யா அப்பா வேற ஒரு வயர்மேனைக் கூட்டிட்டு வந்தாக. சின்னப் பய. வந்தான், சுத்திப் பார்த்தான், "பாதி வேலையைத் தொடணும்னா கூடத்தான் ஆகும்"னு ஒரு தொகையைச் சொன்னான். அட்வான்ஸும் கேட்டான். அவிய ஒரு வார்த்தை பேசாம பைக்குள்ள கையை விட்டாக. எனக்குச் சுருக்குன்னுச்சு. முன்னபின்ன பார்க்காத பயலுக்கு கை தானா பைக்குப் போகுது. என் தம்பி ஒரு மாசம் தூசி தின்னானே, அவனுக்கு பஸ்ஸுக்குக் காசு இருக்கான்னு நானும் கேக்கல, அவியளும் கேக்கல. "நாளைக்குச் சொல்லி விடுதோம்"னு அந்தப் பயலை நான்தான் அனுப்பி வச்சேன்.

மறுநாள் பருத்திக் காட்டுல களை எடுப்பு. நானும் கூட்டத்தோட எடுத்தேன். சாயங்காலம் கூலி குடுக்கையில எல்லாரும் வரிசையா நின்னாக. நான் எப்பவும் போல கை கழுவ பம்புசெட்டுப் பக்கம் போயிட்டேன். இருளம்மாள் இருக்காள்ல, எங்க காட்டுக்கு வழக்கமா வார பொம்பளை, அவ விளையாட்டா, "எக்கா, இன்னைக்கு என்னைவிட நீதான் கூட ரெண்டு நிரை எடுத்த. உனக்கு ஒண்ணும் இல்லையா?"ன்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சாக. நானும் சிரிச்சேன்.

வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டையிலதான் அது உள்ள இறங்குச்சு. கல்யாணம் ஆனதுலேருந்து இந்தக் காட்டுல குனிஞ்சு நிமிந்துக்கிட்டு இருக்கேன். யாரும் கூலின்னு ஒரு ரூவா என் கையில வச்சது இல்ல. நான் கேட்டதும் இல்ல. சொந்தம்னா அப்படித்தான்னு பழகிருச்சு. அதனாலதான் ஜோதி, தம்பி சும்மா வேலை பார்த்தது எனக்குத் தப்பாவே தெரியல.

சத்யா அப்பாகிட்டப் பேசுனேன். பேசுனேன்னா சண்டைதான். வீட்டு வேலையில கை மீறிப் போச்சு, அவியளுக்கும் நெருக்கடிதான். "நான் என்ன உன் தம்பியை ஏமாத்தவா பார்த்தேன்?"னு கேட்டுட்டுச் சாப்புடாமப் போயிட்டாக. நானும் அடுப்பைப் பத்த வைக்கல. சத்யாதான் ரெண்டு பேருக்கும் உப்புமா கிண்டிக் குடுத்தா. அதைத் தின்னுட்டு அவியளே கொத்தனார்கிட்டப் போய் வயர்மேன் கூலி எம்புட்டுன்னு விசாரிச்சுட்டு வந்தாக. "பழைய நாளுக்கும் சேத்து சனிக்கிழமை சனிக்கிழமை குடுத்துருவோம். உன் தம்பியை வரச் சொல்லு"ன்னாக.

தம்பியா, புருசனான்னு கேட்டானாமே. ரெண்டுல ஒண்ணையும் விட வேண்டாம்னு சொல்லு. கடுதாசி கிடைச்ச மறுநாளே வரச் சொல்லு. மெயின் பாக்ஸு அப்படியே வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கி.

வெங்கடேஸ்வரி

*

ராஜபாளையம்
20.4.2025

அன்புள்ள மதினிக்கு,

முதல் சனிக்கிழமை கூலி வாங்கின கதையை உங்க தம்பி சொன்னாங்களா? உங்ககிட்டச் சொல்லியிருக்க மாட்டாங்க. நான் சொல்றேன்.

கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் பின்னால நின்னிருக்காங்க. அண்ணன் இவங்க மூஞ்சியைப் பார்க்காம நீட்டினாங்களாம். இவங்களும் தரையைப் பார்த்துக்கிட்டே வாங்கினாங்களாம். அப்போ கொத்தனார், "சோலைராஜு, எண்ணிப் பாருப்பா. மாமன் மச்சான் குடுக்கிற காசை ரெண்டு தடவை எண்ணணும்"னு சொல்லவும், அண்ணனே சிரிச்சுட்டாங்களாம். அதுக்குப் பிறகு ரெண்டு பேரும் டீக்கடைக்குப் போயிருக்காங்க. டீக்கு உங்க தம்பிதான் காசு குடுத்திருக்காங்க. இதைச் சொல்லும்போது அவங்க குரலைக் கேக்கணுமே நீங்க.

பானுவுக்கு ஸ்கூல்ல கட்டியாச்சு. கொத்தனார் அடுத்ததா சேத்தூர்ல ஒரு வீடு எடுத்திருக்காராம், இவங்களையும் வரச் சொல்லியிருக்கார். மில் மாதிரி மாசம் பொறந்தா சம்பளம்னு இல்ல. ஒரு வாரம் இருக்கும், ஒரு வாரம் இருக்காது. கேபிள், வேன் எல்லாம் நிறுத்தினது நிறுத்தினபடிதான் இருக்கு. ஆனா இப்போ என்னத்தைக் குறைக்கலாம்னு நான் மட்டும் உக்காந்து யோசிக்கிறது இல்ல. அவங்களும் உக்கார்றாங்க. காய்கறிக்கு அவங்கதான் போறாங்க. சந்தை கலையிற நேரம் போனா விலை கம்மின்னு எனக்கே பாடம் எடுக்கிறாங்க.

ஒரே ஒரு சங்கடம். பால் காய்ச்சுறதுக்குச் சீர் செய்யணும்னு வட்டிக்குக் கேட்டுக்கிட்டு இருக்காங்க. பித்தளைக் குடம், அண்ணனுக்கு வேட்டி சட்டை, உங்களுக்குப் பட்டுன்னு கணக்கு நீண்டுக்கிட்டே போகுது. நான் வேண்டாம்னா, "அக்காவைப் பத்து பேரு முன்னால தலைகுனிய வைக்கச் சொல்லுதியா?"ன்னு கேக்கிறாங்க. நான் சொன்னா எடுபடாது. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க. ஆனா உங்களுக்கு இதுல எவ்வளவு கஷ்டம் இருக்குன்னும் தெரியும். பொங்கலுக்கு நீங்க எழுதினதை நான் இன்னும் கிழிக்கல.

ஜோதி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
28.4.2025

ஏட்டி ஜோதி,

அந்தத் தாளைக் கிழிக்கச் சொன்னேன்ல? கிழிக்காதவளே, இதையும் பத்திரமா வச்சுக்கோ.

தம்பிக்கு வேலை போனது இப்ப எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். நான்தான் சொன்னேன். பத்திரிகை வைக்கப் போற இடத்துல எல்லாம், "பொறந்த வீட்டுச் சீரு எப்படி?"ன்னு கேக்காக. முதல் வீட்டுல மழுப்புனேன். ரெண்டாவது வீட்டுல பேச்சை மாத்திட்டு எந்திரிச்சுட்டேன். மூணாவது பெத்தம்மாள் மதினி வீடு. அவுக வாயைத் தொறக்கும் முன்ன நானே, "மதினி, என் தம்பிக்கு மில்லு வேலை போயிருச்சு. இந்த வருசம் சீரு கிடையாது. நான்தான் வேண்டாம்னுட்டேன். அவன் குடும்பத்தோட முந்துன நாளே வந்துருவான்"னு சொல்லிட்டேன். சொல்லி முடிச்சதும் தண்ணி குடிக்கணும் போல ஆயிருச்சு. அவுக உள்ள போய் மோரு கொண்டாந்து குடுத்தாக. பொறவு மெதுவா, "எங்க மூத்தவனுக்கும் தீப்பெட்டி ஆபீசுல வேலை சரியா இல்ல. மருமக சொல்லக் கூடாதுங்கா"ன்னாக. இம்புட்டு வருசத்துல அந்தப் பொம்பளை என்கிட்ட மனசுவிட்டுப் பேசுனது அன்னைக்குத்தான்.

தம்பிக்கு இன்னைக்கே போன் போடுதேன். வட்டிக்கு வாங்கிக் குடத்தைத் தூக்கிட்டு வந்தான்னா, அந்தக் குடத்தைத் தெருவுல உருட்டி விட்டுருவேன். தலை குனியிறதெல்லாம் குனிஞ்சு பார்த்தாச்சு. ஒண்ணும் கழுத்து ஒடியல.

உனக்கு என்ன வேணும் ஜோதி? இதை நான் உன்கிட்டக் கேட்டதே இல்ல.

வெங்கடேஸ்வரி

*

ராஜபாளையம்
30.5.2025

அன்புள்ள மதினிக்கு,

பால் காய்ச்சின அன்னைக்கு நீங்க அடுப்படிக்கும் வாசலுக்குமா ஓடிக்கிட்டே இருந்தீங்க. அதனால நீங்க பார்க்காதது ஒண்ணு இருக்கு.

சாப்பாட்டுப் பந்தியில உங்க ஆளுங்க ஒருத்தர் அண்ணனைப் பிடிச்சு, "மச்சினன் சீரு எங்கப்பா, கண்ணுலயே படல"ன்னு கேட்டாரு. உங்க தம்பி அடுத்த இலையில இருந்தாங்க. சோத்துல வச்ச கை அப்படியே நின்னுச்சு. எனக்கு எந்திரிச்சு வெளியே போயிறலாம்னு இருந்துச்சு. அண்ணன் சாம்பார் வாளியைக் கீழ வச்சுட்டு, "சீரெல்லாம் இல்ல சித்தப்பா. இந்த வீட்டு வயரிங் பூராம் என் மச்சினன் வேலை. நான் கூலி குடுத்துத்தான் செஞ்சேன். நல்லா இருந்தா உங்க பய வீட்டுக்கும் கூப்புடுங்க. ஆனா கூலியை முதல்லயே பேசிருங்க, அவன் வீட்டுக்காரி ரொம்பக் கறாரு"ன்னாங்க. பந்தியே சிரிச்சுருச்சு. எனக்கு முகத்தை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல. உங்க தம்பி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க.

அந்தச் சித்தப்பா நேத்து போன் பண்ணினார் மதினி. கான்சாபுரத்துல அவர் மகன் வீடு கட்டுறாராம்.

எனக்கு என்ன வேணும்னு கேட்டிருந்தீங்க. ரொம்ப நாளா யோசிச்சேன். நான் இந்த பேண்டேஜ் கம்பெனி வேலையை விட மாட்டேன். அவங்களுக்கு நிரந்தரமா வேலை கிடைச்சாலும் விட மாட்டேன். அப்போ, "தம்பிக்குத்தான் வேலை வந்துருச்சே, நீ எதுக்கு அலையுற?"ன்னு நீங்க மட்டும் கேக்கக் கூடாது. மத்தவங்க கேட்டா நீங்க பதில் சொல்லணும். எனக்கு வேணும்கிறது இதுதான்.

ஜோதி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
6.7.2025

ஏட்டி ஜோதி,

நீ கேட்டது சரி. யாரு கேட்டாலும் நான் பதில் சொல்லுதேன். ஏற்கெனவே ரெண்டு பேருக்குச் சொல்லியாச்சு.

பருத்தி எடுப்பு நடக்குது. காத்துல பஞ்சு பறந்து மூக்கெல்லாம் அரிக்கி. அவுகவுக எடுத்த பருத்தியைச் சாயங்காலம் தராசுல போட்டு, எடைக்குத் தக்கன கூலி குடுக்கிறதுதான் எங்க பக்கத்து வழக்கம். நான் எடுத்ததை மட்டும் தராசுல வைக்கிறது கிடையாது. நேரா அம்பாரத்துல கொட்டிருவேன்.

முந்தாநாள் எல்லாருக்கும் எடை போட்டு முடிஞ்சுச்சு. சத்யா அப்பா தராசை மடக்கப் போனாக. நான் என் பொதியைத் தூக்கிட்டுப் போய் அதுல வச்சேன். "என்ன?"ன்னாக. "எடை போடுங்க"ன்னேன். "உனக்கு எதுக்கு?"ன்னாக. "நான் எம்புட்டு எடுத்திருக்கேன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"ன்னேன். பொம்பளைக எல்லாம் தூக்குச்சட்டியைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நிக்காளுக. அவிய என்னையும் பொதியையும் மாறி மாறிப் பார்த்தாக. கோவப்படுவாகன்னு நினைச்சேன். தொண்டையைக் கனைச்சுக்கிட்டு எடை போட்டாக. அங்க வந்த அம்புட்டுப் பேர்லயும் நான்தான் கூட எடுத்திருந்தேன்.

காசை எண்ணி நீட்டுனாக. வாங்கி நானும் ரெண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். சத்யா ஓடி வந்து, "எம்மா, உனக்குச் சம்பளமா?"ன்னு கத்துனா. நாளைக்கும் எடை உண்டுல்லன்னு கேட்டேன். "வரிசையில வா"ன்னு சொல்லிட்டுத் திரும்பிக்கிட்டாக. சிரிச்சதை நான் பார்த்துட்டேன்.

அந்தக் காசு இன்னும் முந்தானையிலதான் இருக்கு. எண்ணெய்க்கு வேணும், சத்யாவுக்கு நோட்டு வாங்கணும். அதுக்கெல்லாம் வீட்டுக் காசு இருக்கு. இது என் காசு. இதை வச்சு என்ன வாங்குறதுன்னு எனக்குத் தெரியலட்டி. எனக்கு என்ன பிடிக்கும்னே மறந்துபோச்சு.

ஞாயித்துக்கிழமை உனக்கு லீவுதான? தம்பி பானுவைப் பார்த்துக்கிடட்டும். நீ காலைப் பஸ்ஸுக்கு வா. நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கேன். ரெண்டு பேரும் கடைத்தெருவுல நடப்போம். எதையாவது பார்த்து நான் நின்னேன்னா, விலையைக் கேட்டு என்னை நகத்திறாத.

வெங்கடேஸ்வரி